மெலிந்த ஒளியின் சரித்திரம்

பழந்தமிழ் நாட்டில் போர்க்களத்துக் காயங்களை இருவகையாகப் பிரித்து, மார்பிலும் முகத்திலும் பட்டதை விழுப்புண் என்று போற்றியும், முதுகில் பட்டதைப் புறப்புண் என்று நாணியும் வந்தார்கள் என்பது நாம் அறிந்த சங்கதி. இன்று மார்பில் புண் ஏந்துவோரின் தொகை அக்கால வீரர்களின் தொகையைக் காட்டிலும் எத்தனையோ மடங்கு பெருகிவிட்டது. ஆனால் அவர்கள் களத்தில் நின்றவர்கள் அல்லர், இருதய சஸ்திர சிகிச்சைக்காக மேஜைமீது மயங்கிக் கிடந்தவர்கள். தொண்டைக்குழிக்குச் சற்றுக் கீழே தொடங்கி வயிற்றின் மேல்வாய் வரையில் இறங்கும் அந்தத் தழும்பைச் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் காட்டுகிறவர்களின் குரலில், பழைய வீரர்களின் பெருமிதம் கொஞ்சம் ஒலிக்கத்தான் செய்கிறது. அந்தப் புண்ணை ஆற்றுவதற்கு வைத்தியர்கள் பட்ட பாடு ஒரு தனிச் சரித்திரம். அந்தச் சரித்திரத்தின் ஓர் ஓரத்தில், கண்ணுக்குச் சிவப்பாகத் தோன்றி, கைக்கு ஒரு சூடும் தெரியாத மிக மெலிந்த ஒரு கிரணம் வந்து சேர்ந்த விதத்தையே இங்கே சொல்ல நினைக்கிறேன்.

மார்பெலும்பை நடுவே நெடுக்காகப் பிளந்து உள்ளே செல்லும் வழி, இருதய சிகிச்சை என்ற ஒன்று தோன்றுவதற்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. கெய்ரோ நகரத்து ஆஸ்பத்திரியில் பணிபுரிந்த ஹெர்பர்ட் மில்டன் என்ற வைத்தியர் 1897-ஆம் ஆண்டிலேயே அதை விவரித்து எழுதினார். ஆனால், துடித்துக்கொண்டிருக்கும் இருதயத்தைத் திறந்து பார்க்கும் துணிவோ, அதை நிறுத்திவைத்து உயிரைக் காக்கும் உபாயமோ அன்று எவரிடத்திலும் இல்லாமையால், ஊர் உண்டாவதற்கு முன்பே போடப்பட்ட சாலையைப்போல அந்த வழி அறுபது வருஷம் வெறிச்சோடிக் கிடந்தது. 1953-ஆம் வருஷம் மே மாதம் 6-ஆம் தேதி பிலடெல்பியாவில் ஜான் கிப்பன், இருதயத்தின் வேலையையும் சுவாசப்பையின் வேலையையும் ஏற்று நடத்தும் இயந்திரத்தின் துணையால் ஒரு பெண்ணின் இருதயத்திலிருந்த துவாரத்தை அடைத்து வெற்றி கண்ட பிறகும்கூட, விலாவெலும்புகளின் இடையே குறுக்காகக் கீறிச் செல்வதே சில காலம் வழக்கமாயிருந்தது. 1957-இல் சிக்காகோவைச் சேர்ந்த ஆர்மண்ட் ஜூலியனும் அவருடைய சகாக்களும், நடு மார்பைப் பிளப்பதே வலி குறைந்ததும் விரைவானதும் ஆகும் என்று எடுத்துக் காட்டினார்கள். அதுவே உலகெங்கும் ராஜபாட்டையாயிற்று.

ராஜபாட்டைக்கும் ஒரு குறை உண்டு. பிளந்த எலும்பை எஃகுக் கம்பிகளால் இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள் என்றாலும், கை உடைந்தால் கட்டித் தொங்கவிடுவதுபோல மார்பை ஓய்வில் வைக்க முடியாது. மூச்சு விடும்போதெல்லாம் அது விரிந்து சுருங்கியே தீரும். இருமல் வந்தாலோ, தலையணை ஒன்றை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு இருமும்படி தாதிகள் கற்பிக்கிறார்கள். 1967-இல் கிளீவ்லாண்ட் நகரில், அர்ஜென்டீனா தேசத்தவரான ரெனே ஃபவலோரோ, காலிலிருந்து எடுத்த சிரையைக்கொண்டு அடைபட்ட இருதய நாளத்துக்கு மாற்றுவழி அமைக்கும் முறையை நிலைநாட்டிய பிறகு, ஒரே நோயாளிக்கு இரண்டு ரணங்கள் உண்டாயின: மார்பில் ஒன்று, காலில் ஒன்று. மார்பைப் பற்றி அஞ்சிக்கொண்டு வந்தவர்கள், கால்தான் அதிகமாக நோகிறது என்று முறையிடுவதைக் கேட்டு வைத்தியர்கள் பழகிப்போனார்கள். பின்னாளில், மார்பெலும்பின் உட்புறத்தில் ஓடும் நாளமே மாற்றுவழிக்கு மிகச் சிறந்தது என்று தெரிந்தபோது, லாபத்தோடு ஒரு நஷ்டமும் கூடவே வந்தது. ஏனெனில் அந்த எலும்புக்கு ரத்தம் ஊட்டுவதே அந்த நாளந்தான். இருதயத்துக்கு ஊட்டம் தருவதற்காக எலும்பின் ஊட்டத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. நோயாளி நீரிழிவுக்காரராகவும் இருந்துவிட்டால், அந்த எலும்பும் தோலும் கூடுவதற்குத் தயங்குவதில் ஆச்சரியமில்லை.

நூறு பேரில் ஓரிருவருக்கே ஆழத்தில் சீழ் பிடிக்கிறது என்று ஆறுதல் சொல்லலாம். அந்த ஓரிருவருக்கு நூறு என்ற கணக்கு எந்த ஆறுதலையும் தராது. 1963-இல் ஷூமேக்கர், மாண்டல்பாம் என்ற இரு வைத்தியர்கள் இடைவிடாமல் மருந்து நீரால் உள்ளே கழுவும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1980-ஐ ஒட்டி அட்லாண்டாவில் ஜுர்கேவிச் என்பவர், மார்புத் தசையையே புரட்டி எடுத்துக் குழியை நிரப்பினார். 1997-இல் ஆர்ஜென்டா, மோரிக்வாஸ் என்ற இருவர், ரணத்தில் நுரைப்பஞ்சை வைத்து மூடிக் காற்றை உறிஞ்சும் இயந்திர முறையை வெளியிட்டார்கள். இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் ஆறாத மார்புப் புண்ணுக்கு முதலில் தேடப்படுவது அதுவே. கழுவுதல், நிரப்புதல், உறிஞ்சுதல் ஆகிய இம்மூன்றுமே கையாலும் கருவியாலும் செய்யும் பலமான காரியங்கள். ஒளி இவற்றுக்கு முற்றிலும் வேறான ஜாதி.

புண்ணுக்கு வெயில் காட்டும் எண்ணம் ஐரோப்பாவில் எப்படி வைத்திய சாஸ்திரத்தின் பந்திக்கு வந்து உட்கார்ந்தது என்பதற்கு இரண்டு மனிதர்களைச் சொல்ல வேண்டும். ஒருவர், அட்லாண்டிக் சமுத்திரத்தின் பாரோ தீவுகளில் பிறந்து கோபன்ஹேகனில் வாழ்ந்த நீல்ஸ் ஃபின்ஸன். வாலிபத்திலிருந்தே ஈரலையும் இருதயத்தையும் சூழ்ந்த ஜவ்வுகள் தடித்துப்போகும் வியாதியால் வருந்தியவர். கூரைமேல் படுத்திருந்த பூனை ஒன்று நிழல் நெருங்க நெருங்க நகர்ந்து நகர்ந்து வெயிலிலேயே போய்ப் படுத்ததைக் கவனித்ததுதான் அவர் சிந்தனைக்கு வித்து என்று சொல்வார்கள். முகத்தை அரித்துத் தின்னும் தோல் க்ஷயத்துக்கு அவர் மின் விளக்கின் ஒளியைக் குவித்துப் பாய்ச்சிச் சிகிச்சை செய்தார்; 1896-இல் அதற்கென்றே ஒரு ஸ்தாபனம் ஏற்பட்டது; 1903-இல் நோபல் பரிசு கிடைத்தது; மறு வருஷமே நாற்பத்து மூன்று வயதில் காலமானார். பரிசுப் பணத்தில் ஒரு பகுதியை ஒளி நிலையத்துக்கும், மற்றொரு பகுதியை இருதய நோயாளிகளின் இல்லம் ஒன்றுக்கும் அவர் அளித்தார் என்பதை எண்ணும்போது, ஒளியும் இருதயமும் இணையும் இந்தக் கதைக்கு அவரையே காப்புச் செய்யுளாக வைக்கலாம் என்று தோன்றுகிறது.

மற்றொருவர் ஸ்விட்ஸர்லாந்தின் மலைநாட்டு வைத்தியர் ஆஸ்கார் பெர்ன்ஹார்ட். அவருடைய ஊர்க் குடியானவர்கள் மாட்டிறைச்சியை உப்பிட்டு, உலர்ந்த மலைக்காற்றிலும் வெயிலிலும் தொங்கவிட்டுக் கெடாமல் காப்பார்கள். 1902-ஆம் வருஷத்துக் குளிர்காலத்தில், வயிற்றில் சஸ்திர சிகிச்சை செய்யப்பட்ட ஒருவரின் தையல் விட்டுப் புண் வாய் பிளந்து, எந்த மருந்துக்கும் மசியாமல் நீர் கசிந்துகொண்டே இருந்தபோது, செத்த மாமிசத்தை உலர்த்திக் காக்கும் வெயில் உயிருள்ள மாமிசத்தை மட்டும் காக்காதா என்று அவருக்குத் தோன்றவே, ஜன்னலைத் திறந்துவிட்டுப் புண்ணை வெயிலில் காட்டினார். அது உலர்ந்து, சிவந்து, மூடத் தொடங்கிற்று. சஸ்திர சிகிச்சைக்குப் பின் பிளந்துகொண்ட ரணத்தை ஒளியால் ஆற்றிய வரிசையில் அந்தக் குடியானவர்களின் இறைச்சிக் கொடிக்கும் ஓர் இடம் உண்டு.

இனி லேஸருக்கு வருவோம். ஒளியை ஒளியே தூண்டிப் பெருக்கலாம் என்ற தத்துவத்தை 1917-இலேயே ஐன்ஸ்டீன் கணக்கிட்டு வைத்திருந்தார். 1960-ஆம் வருஷம் மே மாதம் 16-ஆம் தேதி, கலிபோர்னியாவில் தியோடர் மெய்மன், செயற்கைக் கெம்புக் கோல் ஒன்றைப் பளிச்சிடும் விளக்கால் தாக்கி, முதல் லேஸர் கிரணத்தை வெளிப்படுத்தினார். அதே வருஷக் கடைசியில் ஹீலியம், நியான் என்ற வாயுக்களைக் கலந்து இடைவிடாது ஒளிரும் லேஸரை அலி ஜவானும் தோழர்களும் செய்தார்கள். பத்திரிகைகள் அதை மரணக் கிரணம் என்று வர்ணித்தன. வைத்தியர்களும் ஒருவகையில் அதே மயக்கத்தில்தான் இருந்தார்கள். சுடுவது, அறுப்பது, பொசுக்குவது ஆகிய தொழில்களையே அதனிடம் எதிர்பார்த்தார்கள். 1961 முடிவதற்குள்ளேயே நியூயார்க்கில் ஒரு நோயாளியின் கண்ணுக்குள் இருந்த கட்டியை அதனால் சுட்டு அழித்தார்கள். பாஸ்டன் நகரில் பால் மக்கஃப் என்பவர் ஹாம்ஸ்டர் எலிகளுக்கு உண்டாக்கிய புற்றுக்கட்டிகளைக் கெம்பு லேஸரால் கரைத்துக் காட்டினார்.

பூடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்ற சஸ்திர வைத்தியர், அறுபது வயதைத் தாண்டியவர், அதே பரிசோதனையைத் தாமும் செய்து பார்க்க 1967-இல் முற்பட்டார். (லேஸர் கிரணமே புற்றை உண்டாக்குமோ என்று சோதிக்கப் புறப்பட்டார் என்று கதையை வேறுவிதமாகச் சொல்வோரும் உண்டு.) சுண்டெலிகளின் முதுகை மழித்து, ஒரு கூட்டத்துக்கு மட்டும் கெம்பு லேஸரின் கிரணத்தைக் காட்டினார். கட்டி கரையவில்லை. அவரிடமிருந்த லேஸரின் சக்தி, பாஸ்டனில் இருந்ததற்கு உறைபோடக் காணாது. பரிசோதனை தோற்றது என்று எழுதி மூடிவிட்டு, இன்னும் வலுவான கருவிக்கு விண்ணப்பம் போட்டிருந்தால் எவரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் எலிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கிரணம் பட்ட எலிகளின் முதுகில் மற்றவற்றைக் காட்டிலும் விரைவாக மயிர் முளைத்திருந்தது; கீறிய இடங்களும் விரைவில் மூடின. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிவது உலக வழக்கம். இங்கே குரங்கு பிடிக்கப் போன இடத்தில் பிள்ளையார் அகப்பட்டார். விஞ்ஞானத்தில் அதிர்ஷ்டம் என்று சொல்லப்படுவதில் பாதிக்கு மேல், தோற்ற பரிசோதனையைத் துடைத்தெறிவதற்கு முன் ஒருமுறை திரும்பிப் பார்க்கும் பழக்கந்தான் என்பது என் அபிப்பிராயம்.

மயிர் முளைத்த செய்தி 1968-இல் வெளியாயிற்று. 1971-இல் ரணம் ஆறுவதைப் பற்றிய அவர் கட்டுரை அமெரிக்க சஸ்திர சிகிச்சைப் பத்திரிகையில் வந்தது. அதன்பின் எலிகளை விட்டு மனிதர்களிடம் வந்தார்; வருஷக்கணக்கில் ஆறாமல் கிடந்த கால் புண்களுக்கு, கெம்பு லேஸராலும் ஹீலியம்-நியான் லேஸராலும் சிகிச்சை செய்தார். அவர் பணியாற்றிய வைத்திய சர்வகலாசாலைக்கு 1969-இல் செம்மல்வைஸ் என்ற பெயர் சூட்டப்பட்டது. 1847-இல் வியன்னாவில், வைத்தியர்களின் கழுவாத கைகளே பிரசவித்த பெண்களைக் கொல்கின்றன என்று கூறி, எல்லாருடைய பகையையும் சம்பாதித்து, கடைசியில் ஒரு சித்தப்பிரமை விடுதியில் தாமே ரணத்தில் விஷமேறி மாண்ட அந்த மகானின் பெயரைத் தாங்கிய இடத்தில் புண் ஆற்றும் ஒரு புதுமுறை பிறந்தது எவரும் திட்டமிட்டதன்று. மெஸ்டர் 1984-இல் மறைந்தார். அவருடைய புதல்வர்கள் இருவர் அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்கள்.

வைத்திய உலகம் அவரை உடனே நம்பிவிடவில்லை; அது நியாயமே. எதையும் சுடாத, எதையும் அறுக்காத, நோயாளிக்கு எந்த உணர்ச்சியையும் தராத ஒரு விளக்கு புண்ணை ஆற்றுகிறது என்றால், விபூதி போட்டு ஆற்றினேன் என்பவனைப் பார்க்கும் பார்வையோடுதான் பார்ப்பார்கள். போதாக்குறைக்கு, அந்தச் சிகிச்சைக்கு ஒரு நிலையான பெயர்கூட இல்லை: மென் லேஸர், குளிர் லேஸர், உயிர்த்தூண்டல் என்று ஊருக்கொரு பெயராக வழங்கிற்று. மூட்டு வலி முதல் முகச் சுருக்கம் வரையில் எல்லாவற்றுக்கும் அதை விற்றவர்கள் தோன்றினார்கள். மெஸ்டரின் எலிகள் வீண்போகவில்லை என்பதற்குச் சாட்சியாக, 2007-இல் அமெரிக்க அரசாங்கத்தின் மருந்து நிர்வாகம், மயிர் வளர்க்கும் லேஸர் சீப்பு ஒன்றுக்கு அனுமதி வழங்கியது. அறிஞர்கள் கூடி, ஒளியால் உயிர்ச்செயலை மாற்றுதல் என்ற பொருள்படும் ‘ஃபோட்டோபயோமாடுலேஷன்’ என்ற நீண்ட பெயரில் ஒருவழியாக ஒத்துப்போனது 2014-ஐ ஒட்டித்தான்.

அந்த ஒளி உடம்புக்குள் என்ன செய்கிறது என்ற கேள்விக்கு விடையின் முதல் அடி பெர்லினில் எப்போதோ போடப்பட்டிருந்தது. ஆட்டோ வார்பர்க், 1920-களில், ஈஸ்ட் அணுக்களின் சுவாசத்தைக் கரிப்புகை வாயுவால் நிறுத்திவிட்டு, அவற்றின்மீது விளக்கொளியைக் காட்டினார். நின்ற சுவாசம் மீண்டும் நடந்தது. எந்த நிற ஒளிக்கு எவ்வளவு சுவாசம் மீள்கிறது என்று அளந்தே, கண்ணால் காணாத அந்தச் சுவாச நொதியின் இயல்பை நிர்ணயித்தார். 1931-இல் நோபல் பரிசு பெற்றார். சைட்டோகுரோம் ஆக்ஸிடேஸ் என்று இன்று நாம் அழைக்கும் அதே நொதியைத்தான், மாஸ்கோவுக்கு அருகே ஆராய்ச்சி செய்த டீனா காரு என்ற பெண் விஞ்ஞானி, சிவப்பு ஒளியையும் அதற்கடுத்த கண்ணுக்குத் தெரியாத ஒளியையும் வாங்கிக்கொள்ளும் பாத்திரம் என்று 1980-களில் எடுத்துக் கூறினார். ஒளி பட்டதும் அந்த நொதி தடையின்றி இயங்க, அணுவின் சக்திச் சேமிப்பு பெருகுகிறது. புண்ணின் விளிம்பில் நார் நெய்யும் அணுக்கள் சுறுசுறுப்படைகின்றன என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். முழுவதும் முடிந்த விளக்கம் என்று அவர்களே சொல்வதில்லை. சிவப்பு நிறம் ஏன் என்பதற்குச் சிறுபிள்ளைகளே விடை சொல்வார்கள்: இருட்டில் டார்ச் விளக்கின் வாயை உள்ளங்கையால் பொத்தினால், விரல்கள் சிவப்பாகத்தான் ஒளிர்கின்றன, மற்ற நிறங்களை ரத்தம் விழுங்கிவிட, சிவப்பு மட்டும் சதையைக் கடந்து வருகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், அளவு குறைந்தால் பயனில்லை. அளவு மிஞ்சினாலோ ஆறும் புண்ணும் தயங்கி நிற்கிறது. மெஸ்டரின் கருவி வலுவுள்ளதாக இருந்திருந்தால் அவர் எதையும் கண்டிருக்க மாட்டார்.

இருதய சிகிச்சையாளர்கள் லேஸரை நாடியது முதலில் இந்த மெலிந்த உருவத்தில் அன்று. பாம்பு முதலிய ஊர்வனவற்றின் இருதயச் சுவர், உள்ளறையிலிருந்தே நேராக ரத்தத்தை உறிஞ்சுவதைக் கண்டு, பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் பி.கே. ஸென் 1960-களில் இருதயத் தசையை ஊசியால் துளைத்து வழிகள் உண்டாக்கிப் பார்த்தார். 1980-களில் அமெரிக்காவில் மிர்ஹோஸைனி என்பவர் அதே துளைகளை வலிய லேஸரால் போட்டார். அது குத்தும் லேஸர். ஆற்றும் லேஸரை இருதய நோயாளியிடம் முதலில் கொண்டுவந்தவர்களில் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் நகரத்து யெவ்கெனி மெஷால்கின் ஒருவர். நோயாளியின் உடலைப் பனிக்கட்டியால் குளிர்வித்தே இருதயத்தைத் திறந்து பழகிய அவருடைய கூட்டத்தார், 1980-களின் தொடக்கத்தில் மெல்லிய லேஸர் ஒளியை ரத்தத்துக்குள்ளேயே செலுத்திப் பார்த்தார்கள். சோவியத் நாட்டில் அது வெகுவாகப் பரவிற்று. மேற்கே எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மார்பின் தையலுக்கே அந்த ஒளியை முறையாகக் காட்டிப் பார்த்தவர்கள் பிரேஸில் தேசத்தவர்கள். சாவோ பாலோவில் ஜெர்பினி என்ற சஸ்திர வைத்தியர் 1968 மே 26-ஆம் தேதி தென் அமெரிக்காவின் முதல் இருதய மாற்று சிகிச்சையைச் செய்த பரம்பரை அவர்களுடையது. அந்நகரத்து இருதய நிலையத்தார், காலில் சிரை எடுத்த இடத்தில் தையல் விட்டுப் பிளந்த ரணத்துக்கு மெலிந்த லேஸரைப் பயன்படுத்தியதை 2009-இல் வெளியிட்டார்கள். அடுத்த பத்தாண்டுகளில் பிரேஸிலின் வேறு ஆராய்ச்சியாளர்கள், 640, 660 நானோமீட்டர் அளவுள்ள சிவப்பு ஒளியை மார்புத் தையலின் நெடுகிலும் காட்டி, ரத்தத்தில் சர்க்கரை மிகுந்தவர்களையும் மிகாதவர்களையும் தனித்தனியே வைத்துப் பார்த்தார்கள். சிவப்பு தணிந்தது, தையல் பிளப்பது குறைந்தது, வலியும் குறைந்தது என்றே எழுதினார்கள். லேஸருக்குப் பதில் எல்.இ.டி. என்ற சாதாரணக் குறைகடத்தி விளக்கைக் காட்டியபோதும் ஏறக்குறைய அதே பலன் கிடைத்தது. அப்படியானால் பெயரில் உள்ள லேஸருக்கே அவசியமில்லையோ என்ற சங்கடமான கேள்வி அதில் ஒளிந்திருக்கிறது. அந்தச் சோதனைகளில் சேர்ந்தவர்களின் தொகை சிறியது. காட்டிய ஒளியின் அளவும் இடத்துக்கு இடம் மாறியது. ஆகவே மார்புப் புண்ணுக்கு இது கட்டாய சிகிச்சை என்று சொல்லும் நிலை வரவில்லை. புற்றுநோய் மருந்தால் வாய் வெந்து புண்ணாகிறவர்களுக்கு இதே ஒளியைச் சர்வதேச சபையார் சிபாரிசு செய்திருப்பதோடு ஒப்பிட்டால், இருதய நோயாளியின் வழக்கு இன்னும் சாட்சி விசாரணையிலேயே இருக்கிறது.

அந்த விசாரணைக்கு ஒரு சௌகரியம் உண்டு. மருந்தென்றால் ருசி காட்டிக்கொடுக்கும். ஊசியென்றால் வலி காட்டிக்கொடுக்கும். இந்த ஒளி எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. சஸ்திர சிகிச்சைக்கு மறுநாள், மழித்த மார்பில் எஃகுக் கம்பிகளின்மேல் புதுத் தையலோடு படுத்திருப்பவரின் கண்களைக் கண்ணாடியால் மறைத்துவிட்டு, பேனா அளவுள்ள கருவியைத் தையலோரமாக ஒவ்வொரு விரற்கடைக்கும் சில விநாடி நிறுத்தி நிறுத்தி நகர்த்திக்கொண்டு போகிறார்கள். பாதிப் பேருக்கு விளக்கு எரிகிறது, பாதிப் பேருக்கு எரிவதில்லை. எரிந்ததா என்று கேட்டால் படுத்திருப்பவருக்குச் சொல்லத் தெரியாது.